காட்டிக்கொடுத்தவனும் மறுதலித்தவனும்

பகைவன் செய்யும் தீமை வெளியிலிருந்து வருவது. அதற்கு மதிலும் அகழியும் காவலாக அமையலாம். உடனிருப்பவன் செய்யும் தீமைக்கு மதில் ஏது? அவன் மதிலுக்கு உள்ளே அல்லவா இருக்கிறான்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதை நம் முன்னோர் ஏனைய குற்றங்களோடு சேர்த்து எண்ணாமல், தனிப்பட்ட பெரும் பாதகமாகவே எண்ணி வந்தனர். திருவள்ளுவரும் 'கூடா நட்பு' என ஓர் அதிகாரம் வகுத்து, கும்பிடும் கைகளுக்குள்ளும் கொலைக்கருவி ஒளிந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையை அதில் வைத்துள்ளார்.

குருவுக்குத் துரோகம் செய்த சீடர்களைப் பற்றிய கதைகள் பல சமயங்களில் உண்டு. ஆயினும், கிறிஸ்தவ சமயத்தில் அது ஓரத்தில் நிற்கும் கிளைக்கதை அன்று. நடுவீட்டில் நிற்கும் செய்தி. ஏசுநாதரைப் பகைவர் கையில் சேர்த்தவன் அயலான் அல்லன். அவரே தேர்ந்தெடுத்த பன்னிரு சீடருள் ஒருவன். தம் குருவின் தேர்வே பிழைபட்டதோ என்று பிறர் நகைக்க இடந்தரும் இச்செய்தியை நான்கு சுவிசேஷங்களும் மறைக்காமல் கூறுகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் கிரேக்கச் சிந்தனையாளர் இதனைச் சுட்டி ஏளனம் செய்ததும், மூன்றாம் நூற்றாண்டில் ஆரிஜன் என்னும் கிறிஸ்தவ அறிஞர் அதற்கு மறுமொழி எழுதியதும் வரலாறு.

போலிச் சீடன் என்பவன் யார்? அவனை அடையாளம் காண்பது எப்படி? கண்ட பின் அவனை என்ன செய்வது? இம்மூன்று வினாக்களும் கிறிஸ்தவ சபையை அதன் முதல் நான்கு நூற்றாண்டுகளில் மிகவும் அலைக்கழித்தன. அவற்றுக்கு அச்சபை கண்ட விடைகள் அச்சமயத்தாருக்கு மட்டுமன்றி, ஒரு கொள்கையை நம்பிக் கூடி வாழும் எந்தக் கூட்டத்தாருக்கும் பயன்படத் தக்கவை. அவற்றையே இங்கு நாம் ஆராய்வோம்.

முதலில் அந்த இறுதி இரவு உணவை நோக்குவோம். யூதர் எகிப்திய அடிமைத்தனத்தினின்றும் விடுபட்டதை நினைவுகூரும் பஸ்காத் திருநாளையொட்டி, எருசலேம் நகரில் ஒரு வீட்டின் மேலறையில் ஏசுநாதர் தம் சீடரோடு பந்தியமர்ந்தார். தம்முடன் உண்பவருள் ஒருவனே தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று அவர் அறிவித்தார். அப்போது நிகழ்ந்ததை மத்தேயுவும் மாற்கும் எழுதியுள்ளனர். யூதாஸ் இஸ்காரியோத்து என்பவன் அங்கேதான் இருந்தான். ஆனால் ஒருவர் கண்ணும் அவன்மீது பாயவில்லை. அவன்தானோ என்று எவரும் கேட்கவில்லை. அது நான்தானோ என்றே ஒவ்வொருவரும் கேட்டனர்.

யோவான் எழுதிய சுவிசேஷம் இக்காட்சியை மேலும் விரிக்கிறது. அந்த இரவில் ஏசுநாதர் சீடர்களின் கால்களைக் கழுவினார். யூதாஸின் கால்களும் அவற்றுள் இருந்தன. சீடர் குழுவின் பணப்பை யூதாஸின் பொறுப்பில் இருந்தது. நம்பிக்கையற்றவன் என்று கருதப்பட்டவனிடம் பணப்பையைக் கொடுப்பார் உண்டோ? அவன் பந்தியை விட்டு எழுந்து இருளில் வெளியேறியபோதுகூட, திருநாளுக்கு வேண்டிய பொருள்களை வாங்கவோ ஏழைகளுக்கு ஏதேனும் கொடுக்கவோ போகிறான் என்றுதான் மற்றவர்கள் எண்ணினர். ஆண்டுக்கணக்கில் உடன் நடந்து, உடன் உண்டு, உடன் உறங்கியவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதே இங்கு நாம் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி.

ஓவியர் பலர் இதனை மறந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் இறுதி உணவை வரைந்தவர்கள் சீடர்களை மேசையின் ஒரு புறத்தில் அமர்த்தி, யூதாஸை மட்டும் எதிர்ப்புறத்தில் தனியே அமர்த்துவது பெருவழக்காக இருந்தது. பார்ப்பவர் பார்த்தவுடனே குற்றவாளியைக் கண்டுகொள்ளலாம். மிலான் நகரத் துறவிமடத்தின் உணவுக்கூடச் சுவரில் 1490-களில் லியொனார்டோ டா வின்சி தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்திலோ, யூதாஸ் மற்றவர்களோடு அதே வரிசையில், பேதுருவுக்கும் யோவானுக்கும் அருகில் இருக்கிறான். அவனைத் தேடித்தான் காணவேண்டும். சுவிசேஷம் கூறும் உண்மைக்கு இதுவே நெருங்கியது.

இனி, சொல்லாராய்ச்சிக்கு வருவோம். அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல் எங்கே எந்த உருவம் கொள்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. யூதாஸின் செயலைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் பெரும்பாலும் ஆளும் சொல் 'பரதிதோமி' என்பது. ஒன்றை மற்றொருவர் கையில் கொடுத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். அதில் வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. யூதாஸ் ஏசுநாதரைக் குருமார் கையில் கொடுத்தான். குருமார் பிலாத்துவின் கையில் கொடுத்தனர். பிலாத்து வீரர் கையில் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் அதே வினைதான். கடவுள் தம் மகனை உலகுக்காகக் கொடுத்தார் என்று பவுல் எழுதும்போதும் அதே வினை. தாம் பெற்ற உபதேசத்தை அடுத்தவரிடம் சேர்த்ததைக் கூறும்போதும் பவுல் அதனையே ஆளுகிறார். கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் மடலில், தாம் உபதேசத்தைக் கொடுத்ததையும், ஏசுநாதர் பகைவரிடம் கொடுக்கப்பட்ட இரவையும் ஒரே வாக்கியத்தில் அவர் இணைத்துவிட்டார்.

தமிழ் வேதாகமத்தில் இச்சொல் இடத்துக்கேற்ப மூன்று வடிவம் கொள்கிறது. உபதேசத்தைச் சேர்ப்பது 'ஒப்புவித்தல்' ஆகிறது. பிலாத்துவின் செயல் 'ஒப்புக்கொடுத்தல்' ஆகிறது. யூதாஸின் செயல் 'காட்டிக்கொடுத்தல்' ஆகிறது. மூன்றாவது சொல்லின் நயம் எண்ணத் தக்கது. காட்டுவதும் கொடுப்பதும் தனித்தனியே நற்செயல்கள். வழி காட்டுகிறோம், உணவு கொடுக்கிறோம். இரண்டும் இணைந்தவுடன் துரோகம் பிறக்கிறது. அருகில் இருப்பவனாலன்றிக் காட்ட இயலாது. உரிமை உள்ளவனாலன்றிக் கொடுக்க இயலாது. மேலை மொழிகளிலும் இதே நிலைதான். துரோகியைக் குறிக்கும் 'டிரெய்ட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லும், மரபைக் குறிக்கும் 'டிரடிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லும் கொடுத்தல் என்னும் பொருளுடைய ஒரே லத்தீன் வேரிலிருந்து முளைத்தவை. மரபைக் காப்பவனும் மரபுக்குத் துரோகம் செய்பவனும் ஒரே கையால்தான் தம் செயலைச் செய்கின்றனர். அந்தக் கை எதனை யாரிடம் கொடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

யூதாஸ் ஏன் இதனைச் செய்தான்? சுவிசேஷங்கள் ஒரே விடை தரவில்லை. எல்லாவற்றிலும் பழமையானதென்று அறிஞர் பலர் கருதும் மாற்கு, பணம் தருவதாகக் குருமார் வாக்களித்தனர் என்பதோடு நின்றுவிடுகிறார். நோக்கம் இன்னதென்று கூறவில்லை. மத்தேயுவில் யூதாஸே விலை பேசுகிறான். முப்பது வெள்ளிக்காசு என்ற கணக்கு அவர் ஒருவரிடம்தான் காணப்படுகிறது. பழைய யூதச் சட்டத்தில், மாடு முட்டி இறந்த அடிமைக்கு ஈடாக அவனுடைய எஜமானுக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் முப்பது வெள்ளியே. குருவின் விலை ஓர் அடிமையின் விலையாயிற்று! லூக்காவும் யோவானும் சாத்தான் அவனுள் புகுந்தான் என்கின்றனர். யோவான் அவனைத் திருடன் என்றும் சொல்கிறார்.

நோக்கம் தெளிவாக இல்லாத இடத்தில் கற்பனை புகுவது இயல்பு. எகிப்தில் 1970-களில் கண்டெடுக்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியிடப்பட்ட 'யூதாஸின் சுவிசேஷம்' என்னும் பழைய காப்டிக் மொழிச் சுவடி இதற்குச் சான்று. இப்பெயருடைய நூல் ஒன்று உண்டு என்பதைக் கி. பி. 180-ஆம் ஆண்டளவில் ஐரினேயஸ் என்ற ஆயரே குறிப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். சுவடி வெளியானபோது, யூதாஸே குருவின் உள்ளம் அறிந்த உத்தம சீடன் என அந்நூல் கூறுவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அடுத்த ஆண்டிலேயே வேறு சில அறிஞர் எதிர்த்தெழுந்தனர். யூதாஸைக் குறிக்கும் 'டைமோன்' என்னும் ஒரு சொல்லை முதல் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஆவி' என்று பெயர்த்தனர். அது 'பேய்' என்றே பெயர்க்கப்பட வேண்டும் என்பது எதிர்ப்பாளர் வாதம். ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு ஒருவனை உத்தமனாகவும் பேயாகவும் ஆக்கிவிடும் என்பதை எண்ணுகையில், நம் தொழிலின் பொறுப்பு நமக்கே அச்சம் தருகிறது.

ஆனால், யூதாஸை மட்டும் தனியே பார்ப்பதால் இப்பொருள் விளங்காது. அவனோடு பேதுருவையும் வைத்துப் பார்க்கவேண்டும். அந்த இரவில் தவறியவன் ஒருவன் அல்லன். கெத்செமனே தோட்டத்தில் காவலர் வந்து பிடித்தபோது சீடர் அனைவரும் ஓடிவிட்டனர். தலைமைச் சீடராகிய பேதுரு மட்டும் தொலைவில் பின்தொடர்ந்து, தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு வேலைக்காரப் பெண்ணும் பிறரும் வினவியபோது, அந்த மனிதரைத் தமக்குத் தெரியவே தெரியாது என்று மும்முறை மறுத்தார். உயிர்போயினும் மறுதலியேன் என்று சில நாழிகைக்கு முன்புதான் அவர் உறுதி கூறியிருந்தார். சேவல் கூவியது, பேதுரு வெளியே சென்று கதறி அழுதார்.

யூதாஸும் வருந்தினான். மத்தேயு கூறுகிறபடி, குற்றமற்றவரின் இரத்தத்தைத் தான் விற்றுவிட்டதாக அவன் குருமாரிடமே சென்று ஒப்புக்கொண்டான். காசுகளை ஆலயத்தில் எறிந்தான். ஆகவே, பேதுரு வருந்தினார், யூதாஸ் வருந்தவில்லை என்று வேறுபாடு காண்பது பொருந்தாது. யூதாஸ் தன் வருத்தத்தை யாரிடம் கொண்டுபோனான் என்பதுதான் வினா. தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம் கொண்டுபோனான். அது தங்களைச் சேர்ந்ததன்று என அவர்கள் கையை உதறிவிட்டனர். அவன் தனியே சென்று தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுருவோ மற்றச் சீடர்களிடமே திரும்பினார். யோவான் சுவிசேஷத்தின் இறுதியில், ஏரிக்கரையில் மீண்டும் ஒரு கரிநெருப்பு எரிகிறது. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. முதல் நெருப்பருகே மும்முறை மறுத்தவரிடம், இரண்டாம் நெருப்பருகே அவருடைய அன்பைப் பற்றி மும்முறை வினவப்படுகிறது. பின்பு மந்தையை மேய்க்கும் பொறுப்பு கொடுக்கப்படுகிறது. தவறிய இடத்திலேயே நிறுத்தி, தவறிய எண்ணிக்கைக்கே மறுவாய்ப்பு அளித்த காட்சி இது.

யூதாஸைத் தோட்டத்தில் சந்தித்தபோது ஏசுநாதர் அவனையும் தோழனே என்று அழைத்ததாக மத்தேயு எழுதுகிறார். வாயில் இருவருக்கும் திறந்திருந்தது. ஒருவர் நுழைந்தார், ஒருவன் நுழையவில்லை.

ஏட்டில் இது எளிது. நடைமுறையில் தவறியவர்களைத் திரும்ப ஏற்பது எவ்வளவு கடினம் என்பதைச் சபை விரைவிலேயே உணரவேண்டி வந்தது. ரோமப் பேரரசன் டெசியஸ், நாட்டு மக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென்று ஆணை பிறப்பித்தான். அது கி. பி. 250-ஆம் ஆண்டில் எங்கும் செயற்படுத்தப்பட்டது. பலியிட்டவர்களுக்கு அதிகாரிகள் சான்றிதழ் எழுதிக் கொடுத்தனர். எகிப்தின் மணலில் அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. முதலாவது 1893-இல் அச்சில் வெளிவந்தது. மனுதாரர் பெயர், ஊர், எப்போதும் பலியிட்டு வந்துள்ளதாகவும் இப்போதும் அதிகாரிகளின் முன்னிலையில் பலியிட்டு உண்டதாகவும் வாக்குமூலம், சாட்சிக் கையெழுத்து, நாள் என்று அவை அமைந்துள்ளன. முதலைத் தெய்வத்தின் பெண் பூசாரி ஒருத்தியும் இச்சான்றிதழ் பெற்றிருக்கிறாள் என்றால், ஆணை எவ்வளவு பரந்தது என்பது விளங்கும்.

கிறிஸ்தவர் பலர் அஞ்சிப் பலியிட்டனர். வேறு பலர் பலியிடாமலே, கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டனர். சிலர் சிறை சென்றனர், சிலர் மாண்டனர். கொடுமை தணிந்ததும், தவறியவர்கள் திரளாகச் சபையின் வாயிலில் வந்து நின்றனர். அவர்களை என்ன செய்வது? ஒரு நாளும் சேர்க்கலாகாது என்று ரோமில் நோவேஷியன் என்பவர் பிடிவாதமாக நின்று, தனிச் சபையே கண்டார். உடனே சேர்த்துக்கொள்க என்று வேறு சிலர் கூறினர். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகர ஆயராகிய சிப்ரியன் நடுவழி வகுத்தார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர் ஒரு வகை, பலியிட்டவர் மற்றொரு வகை என்று பிரித்து, குற்றத்துக்கேற்ற காலம் பச்சாத்தாபத்தில் நின்ற பின் ஏற்கலாம் என்று அங்குக் கூடிய ஆயர் பேரவை 251-ஆம் ஆண்டில் முடிவு செய்தது. அந்தச் சிப்ரியனே கொடுமையின்போது ஒளிந்து வாழ்ந்தவர். ஓடிப்போனவர் என்ற பழி அவர்மேல் விழுந்திருந்தது. எட்டாண்டுகள் கழித்து, 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், அவர் தம் சமயத்துக்காகவே தலை கொடுத்து வேதசாட்சியானார். ஒருவனைப் பற்றி ஊர் எழுதும் தீர்ப்பை அவன் வாழ்நாள் முடியும்வரை முத்திரையிடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அடுத்த சோதனை 303-ஆம் ஆண்டில் வந்தது. பேரரசன் டயோக்ளீஷியன் கிறிஸ்தவக் கோயில்களை இடிக்கவும் வேத நூல்களை எரிக்கவும் ஆணையிட்டான். அக்காலத்தில் நூல் என்பது கையால் எழுதப்பட்டது. ஒரு படி இழந்தால் மறுபடி கிடைப்பது அரிது. நூல்களை அதிகாரிகள் கையில் கொடுத்தவர்களுக்கு 'டிராடிட்டோர்' என்று லத்தீனில் பெயர் வந்தது. நாம் மேலே கண்ட வேரிலிருந்து பிறந்த சொல்லே இது. 'கொடுத்தவன்' என்பது பொருள். நூலைக் கொடுத்தவனும் குருவைக் கொடுத்தவனும் ஒரே பெயரால் இழிக்கப்பட்டனர்.

இன்றைய அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என வழங்கும் ஊருக்கு அன்று சிர்ட்டா என்று பெயர். 303-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அங்கு நடந்த சோதனையின் அரசாங்கப் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜப்தி ஜாபிதாக்களைப் பார்த்துப் பழகிய எவரும் அதனை அடையாளம் கண்டுகொள்வர். பொற்கிண்ணம் 2, வெள்ளிக்கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் பாதரட்சை 13 இணை, பெண்கள் பாதரட்சை 47 இணை என்று எழுத்தன் வரிசையாக எழுதிச் செல்கிறான். அவ்வுடைகள் ஏழைகளுக்கென்று சேர்த்து வைத்தவை போலும். பவுல் என்ற ஆயர் அமர்ந்திருக்க, அவர் கண்முன்னே எல்லாம் எடுத்துக் கொடுக்கப்படுகின்றன.

பின்பு அதிகாரி வேத நூல்களைக் கேட்கிறான். கட்டுலீனஸ், மார்குக்லியஸ் என்னும் சபைத் தொண்டர் இருவர் மிகப் பெரிய நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். மற்றவை வேதம் வாசிப்போரின் வீடுகளில் உள்ளன என்கின்றனர். அவ்வீடுகளைக் காட்டுமாறு அதிகாரி கேட்டபோது நிகழ்ந்ததுதான் வியப்பு. தாங்கள் துரோகிகள் அல்லர் என்றும், இதோ நிற்கும் தங்களைக் கொல்ல ஆணையிடலாம் என்றும் அவர்கள் விடையளித்தனர். நூலைக் கொடுத்த கை மனிதனைக் கொடுக்க மறுத்துவிட்டது! அவர்கள் கைதாயினர். பின்னர் அதிகாரிகள் வீடு வீடாகச் சென்றனர். ஒரு வீட்டில் கணவன் இல்லை. மனைவி ஆறு நூல்களை எடுத்து வந்து வைத்தாள். இன்னும் இருக்குமோ என்று வீட்டைத் துருவினர், கிடைக்கவில்லை. அந்தத் தொண்டர் இருவரையும் அப்பெண்ணையும் துரோகிகள் என்று ஒரே சொல்லால் முடித்துவிட நம் நா எழுமோ? ஒரே நாளில், ஒரே மனிதரிடத்தில், கோழைமையும் வீரமும் அடுத்தடுத்து நின்றதை அப்பதிவு காட்டுகிறது.

கொடுமை ஓய்ந்த பின் பிளவு எழுந்தது. கார்த்தேஜ் நகருக்குச் சிசிலியன் என்பவர் ஆயரானபோது, அவருக்கு அபிஷேகம் செய்தவருள் ஒருவர் நூலைக் கொடுத்தவர் என்றும், அவர் கைபட்ட அபிஷேகம் செல்லாது என்றும் ஒரு சாரார் வாதிட்டுத் தனி ஆயரை ஏற்படுத்தினர். பின்னர்த் தலைமை ஏற்ற டொனாட்டஸ் என்பவர் பெயரால் அவர்கள் டொனாட்டியர் எனப்பட்டனர். துரோகியின் கறை தொட்டவரையெல்லாம் தொடரும், அவர் கொடுத்த ஞானஸ்நானமும் ஞானஸ்நானம் அன்று என்பது அவர்கள் கொள்கை. குற்றஞ்சாட்டப்பட்ட ஆயரைப் பற்றி அரசாங்க விசாரணை நடந்தது. அவர் குற்றமற்றவர் என்றும், சாட்சியமாகக் காட்டப்பட்ட கடிதத்தில் ஒருவன் பொய்யாகச் சேர்த்து எழுதினான் என்றும் வெளிப்பட்டது.

இதைவிட வியப்பானது 320-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. டொனாட்டியர் பக்கத்தில் சிர்ட்டாவின் ஆயராக விளங்கிய சில்வானஸ் மீது, அவரோடு பகைத்துக்கொண்ட உதவிக் குரு ஒருவரே ஆளுநரிடம் முறையிட்டார். பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய சோதனைப் பதிவு அவையில் வாசிக்கப்பட்டது. அன்று வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் எடுத்து வந்து கொடுத்த தொண்டர்களுள் இந்தச் சில்வானஸும் ஒருவர்! தூயவர் கூட்டமென்று தம்மை அழைத்துக்கொண்டவர்களின் பீடத்திலேயே கொடுத்தவர் அமர்ந்திருந்தார். துரோகியைப் பிறர் பந்தியில் தேடியவர்கள் தம் பந்தியைப் பார்க்கவில்லை.

இதற்கிடையில், 314-ஆம் ஆண்டில் இன்றைய பிரான்சில் உள்ள ஆர்ல் நகரில் கூடிய ஆயர் பேரவை மூன்று விதிகளை வகுத்திருந்தது. நூலையோ பாத்திரத்தையோ சக மனிதரின் பெயரையோ கொடுத்த குருமார் பதவியிலிருந்து நீக்கப்படுவர். ஆனால், குற்றம் வாய்ச்சொல்லால் அன்றி அரசாங்கப் பதிவுகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவர்கள் முன்பு செய்த அபிஷேகம் பெற்றவர்களைப் பாதிக்காது. சகோதரர் மீது பொய்க்குற்றம் சாட்டுபவர் சபை உறவிலிருந்து விலக்கப்படுவர். குற்றத்துக்குப் பொறுப்பு உண்டு, வதந்திக்கு இடமில்லை, ஒருவன் குற்றம் மற்றவனைத் தொடராது. ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதிகள் எந்த நிறுவனத்தின் சட்டத் தொகுப்பிலும் இடம்பெறத் தகுதியுடையவை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹிப்போ நகர ஆயராகிய அகஸ்டின் இதே கருத்துக்குத் தத்துவ விளக்கம் தந்தார். யூதாஸ் ஞானஸ்நானம் கொடுத்திருந்தாலும், அதனைப் பெற்றவருக்கு மறுமுறை கொடுக்க வேண்டியதில்லை. ஏனெனில் அது யூதாஸின் சொத்து அன்று, கிறிஸ்துவின் கொடை என்றார் அவர். வயலில் கோதுமையோடு களையும் வளர்கிறது. அறுவடைக்கு முன் பிடுங்கப் புகுந்தால் கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்ற ஏசுநாதரின் உவமையையும் அவர் எடுத்துக்காட்டினார். வயல் என்றது உலகத்தையே, சபையை அன்று என்பது டொனாட்டியரின் எதிர்வாதம். 411-ஆம் ஆண்டில் கார்த்தேஜில் இரு சாராருமாக ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆயர்கள் கூடி வாதிட்டனர். அரசின் தீர்ப்பு டொனாட்டியருக்கு எதிராக அமைந்தது. அபராதமும் பறிமுதலும் தொடர்ந்தன. வன்முறை கூடாதென்று முதலில் கருதிய அகஸ்டினே பின்னர் அரசின் கட்டாயத்தை ஆதரித்தார். களையைப் பிடுங்காதே என்று போதித்தவர் அரசனின் அரிவாளை அழைத்தது வருந்தத் தக்கதே.

சுட்டுவிரல் பெருந்தவறு செய்த இடம் மற்றொன்றும் உண்டு. யூதாஸ் என்பது அக்காலத்து யூதரிடையே பெருவழக்கான பெயர். ஏசுநாதரின் சீடருள்ளேயே அப்பெயருடையார் வேறொருவர் இருந்தார். குருவும் யூதர், பேதுருவும் யூதர், சீடர் பன்னிருவரும் யூதரே. எனினும், இடைக்கால ஐரோப்பாவில் யூதாஸின் குற்றத்தை ஓர் இனத்தின் குற்றமாகக் காட்டும் ஓவியங்களும் நாடகங்களும் மலிந்தன. அவை வளர்த்த வெறுப்பு பல நூற்றாண்டுகள் யூத மக்களைத் துன்புறுத்தியது. ஏசுநாதரின் மரணத்துக்கான பழியை அன்றிருந்த யூதர் அனைவர்மீதும், இன்றுள்ள யூதர்மீதும் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வாத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. ஜெர்மனியில் ஓபர்அம்மர்கௌ என்னும் சிற்றூரில் 1634 முதல் நடந்துவரும் திருப்பாடுகள் நாடகமும் அண்மைப் பத்தாண்டுகளில் இந்நோக்கில் திருத்தி எழுதப்பட்டுள்ளது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் நாம் பெறுவது யாது? போலிச் சீடனுக்குத் தனி முகம் இல்லை. அவன் பந்தியில் தனியே அமர்வதில்லை. கால் கழுவப்படுகையில் காலை இழுத்துக்கொள்வதில்லை. பணப்பையை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு நற்பெயருடையவனாகவும் இருப்பான். ஆகவே, அவனை வெளியே தேடும் முயற்சி பெரும்பாலும் அயலான் ஒருவனையோ எளியவன் ஒருவனையோ பிடித்து நிறுத்துவதில் முடிகிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவன் பொறுப்பிலிருந்து விலகத்தான் வேண்டும். அதில் தயக்கம் கூடாது. ஆனால், விலகியவன் மனிதனாகத் திரும்பி வரும் வாயிலை அடைத்துவிட்டால், பேதுருவாகத் திரும்பியிருக்கக் கூடியவனை நாமே யூதாஸாக அனுப்பி வைத்தவர்கள் ஆவோம்.

அந்த மேலறையில் சீடர்கள் செய்தவற்றுள் குறை பல உண்டு. சற்று நேரத்தில் அவர்கள் உறங்கினர்; பின் ஓடினர்; ஒருவர் மறுதலித்தார். எனினும், ஒரு கணம் அவர்கள் சரியான வினாவைச் சரியான இடத்தில் கேட்டனர். அவனோ, இவனோ என்று பிறர் முகத்தைப் பாராமல், நான்தானோ என்று கேட்டனர். ஒரு சபையிலும், ஒரு சங்கத்திலும், ஒரு குடும்பத்திலும் நம்பிக்கை முறிந்து போகும் நாளில் நாமும் முதலில் கேட்க வேண்டிய வினா அதுவே.